பண்ணும் மெய்ப்பாடும்

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை என்பர். கைக்குழந்தை தாலாட்டைக் கேட்டுக் கண் மூடுகின்றது. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் ஓசையிலே தோள்வலியை மறக்கின்றனர். செத்தவீட்டில் ஒப்பாரி எழும்போது, இறந்தவரை ஒருநாளும் கண்டறியாத அயலூரவர் கண்ணிலும் நீர் சுரக்கின்றது. இம்மூன்று பாடல்களும் தீவகத்தில் நாம் கேட்டு வளர்ந்தவை. பாடியோர் ஆசிரியரிடம் முறையாக இசை பயின்றவரல்லர். கேட்டோரும் இராக இலக்கணம் அறிந்தவரல்லர். எனினும் உறங்க வேண்டியது உறங்கிற்று, வலை கரையேறிற்று, கண்ணீர் வழிந்தது.

அங்ஙனமாயின், ஒரு பாட்டைக் கேட்டவுடன் நெஞ்சில் உவகையோ துயரோ பெருமிதமோ தோன்றுவது எதனால்? சொல்லினாலா, சுரத்தினாலா, தாளத்தினாலா, அன்றிப் பாடுவோன் குரலினாலா? இவ்வினா புதியதன்று. நம் முன்னோர் நெடுங்காலமாக இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அவ்விடையால் நமக்கு வரும் கடமையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்துக்கொரு யாழ், நிலத்துக்கொரு பறை

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துக் கூறுகின்றார். இது ஊன்றி நோக்கத்தக்கது. யாழ் என்றது அந்நிலத்தின் பண்ணை. பறை என்றது அந்நிலத்தின் தாளத்தை. இசையின் அடிப்படையான இரண்டு உறுப்புக்களும் மண்ணோடும் மக்கள் தொழிலோடும் பிறந்தவை என்பது அவர் கருத்து.

நெய்தல் நிலமே நம் நிலம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குச் சென்றவன் திரும்பும்வரை கரையில் நிற்பவள் நெஞ்சம் படும் பாடே இரங்கல் எனப்படும். பிற்கால அகப்பொருள் நூலார் இந்நிலத்துக்கு விளரி யாழும், செவ்வழிப் பண்ணும், மீன்கோட்பறையும் உரியவை என்றனர். ஏங்கி நிற்பவளுக்கு ஒரு பண். மீன் கொண்டு வருபவனுக்கு ஒரு பறை. ஒரே கடற்கரையில் துயரத்தின் இசையும் உழைப்பின் இசையும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கிரேக்க நாட்டு அறிஞராகிய பிளேட்டோவும் இசைக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பை உணர்ந்தவரே. ஆயின், அழுகைக்குரிய இசைமுறைகள் மக்களைத் தளரச் செய்யும் எனக் கருதிய அவர், தாம் கற்பனை செய்த நாட்டிலிருந்து அவற்றை விலக்கிவிடவேண்டும் என்று 'குடியரசு' என்னும் நூலில் வாதித்தார். நம் முன்னோர் அழுகையை விலக்கினாரல்லர். எண்வகை மெய்ப்பாடுகளுள் அதனையும் ஒன்றாக வைத்தனர். அதற்கென ஒரு நிலத்தையும் ஒரு பண்ணையும் வகுத்துக் கொடுத்தனர்.

ஏழு நரம்பின் இயல்பு

சப்த தீவுகள் என வழங்கும் காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் ஏழனுள் நம் எழுவைதீவு அளவிற் சிறியது. இசையிலும் ஏழு உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் இட்ட பெயர்கள். இவையே இன்று ச, ரி, க, ம, ப, த, நி எனப்படுகின்றன.

இவ்வேழுக்கும் உள்ள உறவு மனம்போன போக்கில் அமைந்ததன்று. இழுத்துக் கட்டிய நரம்பொன்றை மீட்டிக் கேளுங்கள். அதன் சரிபாதியில் விரலை வைத்து மீட்டினால் அதே சுரம் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் இளி ஒலிக்கும். நான்கில் மூன்று பங்கில் மீட்டினால் உழை ஒலிக்கும். காதுக்கு இனிமையென்று தோன்றுவது கணக்கிலும் நேர்மையாக நிற்கின்றது.

இனி, இச்சுரங்கள் உணர்ச்சியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஒரு ஆர்மோனியப் பெட்டியைக் கொண்டே அறியலாம். கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால், சட்சமாகக் கொள்ளும் கட்டைக்கு ஏற்ப இராகம் வேறுபடும். ஒரு கட்டையிலிருந்து தொடங்கினால் சங்கராபரணம் வரும். அடுத்ததிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியை. அதற்கடுத்ததிலிருந்து தோடி. அடுத்து முறையே கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி. கட்டைகள் மாறவில்லை, காற்று மாறவில்லை, வீட்டுவாசல் எது என்பது மட்டுமே மாறியது. எனினும் கல்யாணியைக் கேட்ட உள்ளம் விரிகின்றது. தோடியைக் கேட்ட உள்ளம் ஆழ்ந்து உருகுகின்றது. காரணம் யாதெனில், கல்யாணியில் ரி, க, ம, த, நி என்பன ஆதார சுருதியை விட்டு மேலோங்கி நிற்கின்றன. தோடியிலோ அவை தாழ்ந்து, சட்சத்தையும் பஞ்சமத்தையும் நெருங்கி நிற்கின்றன. ஆகவே ஒரு சுரத்துக்குத் தனியே மகிழ்ச்சியுமில்லை, துயருமில்லை. ஆதார சுருதிக்கும் அதற்கும் உள்ள தூரமே உணர்ச்சியாகின்றது.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் இவ்வாறு பிறந்தன. இசையறிஞர் பலரும் ஏற்கும் முறைப்படி விளரிப்பாலை என்பதே இன்றைய தோடி. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், கடற்கரையின் மாலைப்பொழுதைப் பாடும் இடத்தில், இளங்கோவடிகள் விளரியை நெய்தல் நில மக்களோடு சேர்த்தே கூறுகின்றார்.

கானல்வரி தரும் பாடம்

கானல்வரியில் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் ஒன்றுண்டு. இந்திர விழா முடிந்தபின் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்ந்தனர். கோவலன் முதலில் யாழை வாங்கிப் பாடினான். அவன் உள்ளத்தில் வேறொருத்தி இருக்கின்றாள் என மாதவி எண்ணினாள். தானும் வேறொருவன் மேல் உள்ளம் வைத்தவள் போல யாழெடுத்துப் பாடினாள். அவன் அதனை மெய்யென்று கொண்டு எழுந்து போனான். அதன்பின் நடந்தது மதுரை எரிந்த கதை. யாழும் பிழையன்று, பண்ணும் பிழையன்று. இருவரும் இசையில் வல்லவர்கள். பாடுவோர் கருத்தும் கேட்போர் மனமும் பொருந்தாத இடத்தில் இசை என்ன செய்யும் என்பதை அடிகள் காட்டிவிட்டார்.

அதே காப்பியத்தில் ஆய்ச்சியர் குரவையையும் நோக்குக. தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மாதரி, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல் முதல் தாரம் வரையுள்ள ஏழு பெயர்களையும் அவர்களுக்கு இட்டு, முல்லைப் பண்ணில் ஆடச் செய்கின்றாள். அங்கே இசை பொழுதுபோக்கன்று. அச்சம் கொண்ட ஊர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி. படிப்போர்க்கோ, அந்தக் குரவையின் இனிமையே கோவலனுக்கு நேர்ந்த முடிவை இன்னும் கொடிதாக்குகின்றது.

தேவாரப் பண்கள்

கி. பி. 7 ஆம், 8 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மூவர் முதலிகள் பண்ணிசையைத் திருக்கோயிலுக்கு உரிமையாக்கினர். ஓதுவார் மரபில் பண்கள் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுக்கப்பட்டுள்ளன. புறநீர்மை, காந்தாரம், கௌசிகம், இந்தளம் முதலியன பகலுக்குரியன. தக்கராகம், சீகாமரம், கொல்லி, மேகராகக்குறிஞ்சி முதலியன இரவுக்குரியன. செவ்வழியும் செந்துருத்தியும் பொது. இன்று புறநீர்மையைப் பூபாளத்திலும், கௌசிகத்தைப் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும், செவ்வழியை யதுகுலகாம்போதியிலும் பாடுகின்றனர். பூபாளம் விடியலுக்கும் நீலாம்பரி துயிலுக்கும் ஏற்றவை என்பதை நாம் இன்றும் உணர்கின்றோம்.

இவ்விடத்தில் அன்பர் ஒருவர், "அப்படியானால் பண்ணைத் தெரிந்தால் உணர்ச்சியும் தெரிந்துவிடும் அல்லவா?" என்று வினவலாம். அன்று. அப்பரடிகள் சூலைநோய் தாளாமல் திருவதிகையில் முதன்முதல் பாடிய பதிகத்தின் பண் கொல்லி. அது இன்று நவரோசு இராகத்திற் பாடப்படுகின்றது. அதே நவரோசு தாலாட்டுக்கும் ஊஞ்சலுக்கும் உகந்த இராகமாகவும் வழங்குகின்றது. குடரை முறுக்கும் நோயும் குழந்தையை ஆட்டும் தொட்டிலும் ஒரே இராகத்தில் எப்படி அடங்கின? அடிகளின் சொல்லிலே வலி இருக்கின்றது. பண்ணிலே, அந்த வலியைத் தாயிடம் சொல்லி அழும் பிள்ளையின் நெருக்கம் இருக்கின்றது. சொல்லும் பண்ணும் ஒன்றையே கூறவில்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவதான ஒன்றைக் கூறுகின்றன.

சுந்தரர் தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் ஒன்றே ஒன்று. கண்ணொளி இழந்த நிலையில் திருவாரூர்ப் பெருமானிடம் உரிமையோடு கடிந்து முறையிட்ட பதிகம் அது. செந்துருத்தி இன்று மத்தியமாவதி; கச்சேரி முடிவில் மங்களம் பாடும் இராகம். ஏசுகின்ற சொல்லுக்கு மங்கள இராகம்! தோழமை அறாத ஏச்சு என்பதைப் பண் நமக்கு உணர்த்துகின்றது. பண்ணை நீக்கிச் சொல்லை மட்டும் வாசித்தால் கோபம் எஞ்சும், தோழமை மறைந்துவிடும்.

தாளமும் காலமும் குரலும்

பண்ணுக்கு அடுத்தது தாளம். தேவாரப் பதிகங்களுக்குப் பண்ணோடு கட்டளை என்னும் நடையமைப்பும் உண்டு. ஒரே பண்ணிலுள்ள பதிகங்களும் கட்டளை வேறுபட்டால் வேறு உணர்ச்சி தருகின்றன. தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றி விரித்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் கூறுவர். தாளம் வந்தால் உள்ளம் கூட்டத்தோடு சேர்கின்றது. தாளம் நீங்கினால் உள்ளம் தனிமையை அடைகின்றது.

இதற்கு நம் கடற்கரையே சான்று. அம்பாப் பாடலில் ஒருவர் முதலடியைத் தொடங்க, மற்றவர் எல்லாரும் ஒரே மூச்சில் எதிரொலிப்பர். அவர்கள் கால் பின்வைக்கும் வேகமே தாளம். மடி தூரத்தில் இருக்கும்போது காலம் மெல்ல நடக்கும். கரையை நெருங்கும்போது விரையும். ஒப்பாரியிலோ தாளம் இல்லை. அழுபவளின் மூச்சே அளவு. தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் ஒத்த மெட்டுடையன என்பதைக் கவனித்தவர் பலர். இரண்டும் பெண்களின் பாட்டு. இரண்டும் நீண்டு இழுக்கும் அடிகளை உடையன. தொட்டிலின் ஆட்டம் ஒன்றுக்கு அமைதியைக் கொடுக்கின்றது. உடைந்த குரல் மற்றதற்குத் துயரைக் கொடுக்கின்றது.

குரலின் ஆற்றலுக்குத் தருமபுரத்து நிகழ்ச்சி சான்றாகும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசிப்பதனாலேயே ஞானசம்பந்தர் பதிகம் புகழ் பெறுகின்றது என்று பாணரின் சுற்றத்தார் கூறினர். பாணர் வருந்தி, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு வேண்டினார். பிள்ளையார் பாடியது யாழ்முரிப் பதிகம். அதனை நரம்பில் இசைக்க மாட்டாது யாழையே உடைக்க எழுந்த பாணரைப் பிள்ளையார் தடுத்தருளினார் என்பது பெரியபுராணம். சுரங்களுக்கு நடுவே நெளிந்து செல்லும் குரலின் குழைவைக் கருவி முழுதும் பின்பற்ற இயலாது என்பதே இதன் இசைக்கருத்து.

பண் மறைந்ததும் மீண்டதும்

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளித்ததைக் கல்வெட்டுக் கூறுகின்றது. பாடுவோரோடு தாளக் கருவியாளரையும் சேர்த்தே நிவந்தம் வைத்தமை நினைக்கத்தக்கது.

தில்லையில் ஏடுகள் கறையான் அரித்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். நம்பியாண்டார் நம்பி அவற்றைத் திருமுறைகளாகத் தொகுத்தார். ஆனால் ஏடு கிடைத்தபின்பும் ஒரு குறை இருந்தது. எழுத்து இருந்தது, இசை இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில், அவர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண் வகுக்கப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அந்நூல் அவர் பெயரைக் கூறவில்லை. ஏட்டைக் காத்த மன்னனைப் போற்றுகின்றோம். பண்ணைக் காத்த அப்பெண்மணியையும் போற்றுதல் வேண்டும். ஏடு கறையானுக்குத் தப்பலாம். பண்ணோ ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் காதுக்குச் சென்றால் மட்டுமே தப்பும்.

யாழ்ப்பாணத்து மரபு

யாழ்வாசித்துப் பரிசிலாக மணற்றிடரைப் பெற்ற பாணனால் யாழ்ப்பாணம் எனப் பெயர் வந்தது என்னும் கதை யாழ்ப்பாண வைபவமாலையில் உள்ளது. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பினும் மறுப்பினும், தன் பெயருக்கு இசையைக் காரணம் காட்டிய நாடு இது.

இந்நாட்டில் பொதுமக்களுக்கு இசையும் உணர்ச்சியும் பொருந்தும் வகையைக் கற்பித்தது கந்தபுராண படனமே எனலாம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பர். மற்றொருவர் பயன் சொல்லுவர். புலம்பற் பகுதி வந்தால் வாசிப்பவர் முகாரி போன்ற இராகத்தை எடுத்துக் காலத்தைத் தாழ்த்துவர். போர்ப் பகுதி வந்தால் குரல் ஓங்கும், நடை விரையும். பொருள் சொல்லப்படுமுன்பே, இனி வருவது துன்பமா வெற்றியா என்பதை மடத்துத் திண்ணையில் இருப்பவர் உணர்ந்துவிடுவர். எழுதப் படிக்க அறியாத முதியோரும் இராகபேதம் அறிந்தது இவ்வாறே.

நாதசுரமும் அவ்வாறே. சுவாமி வீதிவலம் எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி முழங்கும். திருவூஞ்சலின்போது இசை தணிந்து அசையும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவனும் சுவாமி எங்கே நிற்கின்றார் என்பதைச் சொல்லிவிடுவான். தவிலில் ஈடிணையற்றவராக ஈழத்திலும் தமிழகத்திலும் போற்றப்பட்ட வி. தட்சிணாமூர்த்தி (1933 - 1975) இம்மண்ணின் மைந்தரே.

யாழ் நூல்

மறைந்த யாழை ஆராய்ந்து மீட்ட பெருமையும் ஈழத்துக்கே உரியது. கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் கணக்கையும் சிலப்பதிகார உரையோடு ஒப்பிட்டு அவர் எழுதிய யாழ் நூல், 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் 5 ஆம், 6 ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அவ்வாண்டு சூலை 19 ஆம் நாள் அடிகள் இறைவனடி சேர்ந்தார். சென்னையில் 1943 இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று.

யாழ் நூல் அரங்கேறிய தலம் தீவகத்தார் நினைவில் வைக்க வேண்டியது. ஆற்றில் வெள்ளம் பெருக, ஓடக்காரர் ஓடத்தைக் கரையில் விட்டுப் போயினர். ஞானசம்பந்தர் அடியாரோடு ஓடத்தில் ஏறிக் காந்தாரபஞ்சமத்தில் பதிகம் பாட, பாட்டே கோலாக ஓடம் அக்கரை சேர்ந்தது. அந்நிகழ்ச்சி நடந்த தலம் திருக்கொள்ளம்பூதூர். ஓடமின்றி ஊர்காவற்றுறைக்கும் போக இயலாத நமக்கு இதன் அருமை விளக்க வேண்டியதில்லை.

நம் கடன்

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. பாட்டின் உணர்ச்சி சுரத்தில் மட்டும் இல்லை. தாளத்தில் மட்டும் இல்லை. சொல்லிலும் குரலிலும் மட்டும் இல்லை. நான்கும் தம்முள் பொருந்துமிடத்தில் அது பிறக்கின்றது. ஒன்று நீங்கினால் மற்றவை ஊனமடைகின்றன.

நம் கூட்டுவழிபாட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். எல்லாப் பதிகத்தையும் ஒரே மெட்டில், ஒரே வேகத்தில், மூச்சு விடாமல் ஒப்புவித்து முடிக்கின்றோம். நோயில் அழுத பாட்டும், தோழனை ஏசிய பாட்டும், ஓடத்தை ஓட்டிய பாட்டும் நம் வாயில் ஒரே பாட்டாகிவிடுகின்றன. எழுத்து அழியவில்லை, அச்சிட்ட புத்தகம் வீடுதோறும் உண்டு. ஏடு இருந்தும் இசை இல்லாதிருந்த அந்நாளின் நிலைக்கே நாம் திரும்பிக்கொண்டிருக்கின்றோம் என்பதுதான் கவலை.

போர்க்காலத்தில் தீவக மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். வலையும் தொழிலும் மாறியதால் அம்பாப் பாடல் அரிதாகின்றது. புராணம் வாசிப்போர் முதுமை அடைகின்றனர். இவற்றைத் தடுத்து நிறுத்த ஒரு சங்கத்தால் ஆகாது. ஆயினும் செய்யக்கூடியது உண்டு. இளைஞர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பதிகத்தையேனும் அதற்குரிய பண்ணோடும் தாளத்தோடும் கற்றுக்கொள்ளலாம். அம்பா தெரிந்த முதியவரையும், தாலாட்டுத் தெரிந்த பாட்டியையும், புராணம் வாசிக்கும் பெரியவரையும் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியிலேயே பதிந்து வைக்கலாம். பதிவு செய்தால் போதாது. உடனிருந்து தாமும் பாடிப் பார்க்க வேண்டும். குழைவு கருவியில் அடங்காது என்பதை யாழ்ப்பாணரே நமக்குக் காட்டியிருக்கின்றார்.

எருக்கத்தம்புலியூரில் அன்று ஒருவர் எஞ்சியிருந்தார். அதனால் பண் பிழைத்தது. நாளை எவரேனும் பண்ணைத் தேடிக்கொண்டு நம் தீவின் துறையில் வந்து இறங்கினால், பாடிக்காட்ட இங்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக.